கதவுக்காரி

விடுதியில் குளியலறை கழுவும் அவளைக் கதவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அறைக்குள் போனாலும் கதவு, ஜன்னலை விரியத் திறந்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவாள்.

"உள்ள யானையா வரப்போகுது?" என்று சமையல்காரர் கிண்டலடிப்பார். அவள் அடுத்த ஜன்னலையும் தள்ளித் திறப்பாள்.

முன்பு அவளுடைய தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். நாற்றம் வெளியே போகக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவ வேண்டும் என்பது மேலாளர் போட்ட சட்டம். அவர் மூக்கு ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. கறை போகவில்லையென்று தங்கை ஒருநாள் ஆசிட்டின் மேல் பிளீச்சிங் தண்ணீரையும் ஊற்றினாள். புகை கிளம்பியது, சுருண்டு விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிய அக்கா, பழக்கதோஷத்தில் கதவைத் திரும்பச் சாத்திவிட்டு, தங்கையை மடியில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். மற்றவர்கள் வந்து திறந்தபோது அக்காவுக்கு மட்டும்தான் மூச்சு இருந்தது.

"முதல்ல வெளிக்காத்துக்கு இழுத்துட்டு வந்திருக்கணும்மா" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

தங்கை மகள் இப்போது இவளோடுதான் இருக்கிறாள். ராத்திரி, திறந்து கிடக்கும் வீட்டுக் கதவு வழியாக மழைச்சாரல் பாய் வரைக்கும் அடிக்கிறது.

"குளிருது பெரியம்மா. கதவ சாத்தட்டுமா?"

"போர்வைய இழுத்துப் போத்திக்கோ கண்ணு. உங்கம்மாவுக்குக் காத்து வேணும்."