பென் டிரைவில் ஓடிய கல்யாண மண்டபம்

என் மனைவியின் தம்பிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் ஆபீஸ் அறை சமையற்கட்டுக்கும் கை கழுவும் இடத்துக்கும் நடுவில். அங்கிருக்கும் கீபோர்டைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். ரசமா, எண்ணெயா, போன முகூர்த்தத்து ஜாங்கிரிப் பாகா என்று நான் ஆராய்ந்ததில்லை. கைக்குட்டையில் துடைப்பேன், பிறகு கைக்குட்டையை எறிந்துவிடுவேன்.

வீடியோ எடுக்க வந்தவர்களும் பாட்டுப் போட வந்தவர்களும் தங்கள் பென் டிரைவ்களைச் செருகிச் செருகி, அந்தக் கம்ப்யூட்டருக்கு வராத வைரஸ் இல்லை. கடைசியில் கே.கே. நகரிலிருந்து ஒருவர் வந்து ஹார்ட் டிஸ்கையே கழற்றிப் போட்டார். மண்டபத்து புக்கிங்கைக் கவனிக்கும் சர்வர் மொத்தத்தையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டி, கம்ப்யூட்டரின் முதுகில் செருகினார். பக்கத்தில் இன்னொரு பென் டிரைவ். புக்கிங்குகள் அதில் பதிவாகும்.

“வைரஸ் வந்தாலும் அணைச்சுப் போட்டா போயிடும் சார். எப்பப் போட்டாலும் முதல் நாள் மாதிரி புதுசா இருக்கும்” என்றார்.

நாலு புத்தகம் படித்த திமிரில் நான் அதில் வேதாந்தம் கண்டேன். நேற்றைத் துறந்து தினமும் பிறக்கும் மனம்! மைத்துனனுக்கு விளக்கவும் செய்தேன். “சரிங்க மாமா” என்று அவன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். காலையில் தின்ற பூண்டு ஊறுகாய் எனக்கும் தெரிந்தது.

இரண்டாவது பென் டிரைவை அவன் காரில் பாட்டுக் கேட்க உருவிக்கொண்டு போனது அப்போது யாருக்கும் தெரியாது. அது இல்லாமலும் வேலை நடந்தது. புக்கிங்குகள் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவில் தங்கின. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கியது. அணைக்காத வரைக்கும் எல்லாம் இருந்தன. யாரும் அணைக்கவும் இல்லை.

என் மகளுக்குத் தையில் முகூர்த்தம் குறித்தோம். தாய்மாமன் மண்டபம் இருக்க வேறு எங்கே போவது? என் கண்ணெதிரே தேதியைத் தட்டினான். ரசீது கேட்டேன்.

“நமக்குள்ள எதுக்கு மாமா ரசீது? ஊரார் மாதிரி கேக்குறீங்களே!”

என் மனைவி என்னைப் பார்த்தாள். ரசீது கேட்ட வாயை மூடிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. உழைக்கிற சாமானுக்கு அன்று ஓய்வு. கிரைண்டர், ஜெனரேட்டர், கரண்டிகள் எல்லாவற்றோடும் கம்ப்யூட்டரையும் அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பென் டிரைவையும் உருவி, வாழையிலையில் பொரிகடலைக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு. நான் கும்பிட்டேன். நாட்டுச்சர்க்கரைக்கு வந்த எறும்புகள் அதன் வாய்க்குள் போய்ப் போய் வந்தன.

மறுநாள் காலையில் மண்டபத்து மேனேஜர் சந்தனத்தை நகத்தால் சுரண்டி, வேட்டியில் தேய்த்து, எச்சில் தெறிக்க ஊதிச் செருகியிருக்கிறார். கம்ப்யூட்டர் கே.கே. நகர்க்காரர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. முதல் நாள் மாதிரி புதுசு. தை மாதம் முழுக்கக் காலி. முகூர்த்த மாதத்தில் இப்படியொரு யோகமா என்று மகிழ்ந்து, அன்றைக்கே வந்த லால்குடிக் குடும்பத்துக்கு எங்கள் தேதியை எழுதிக்கொடுத்துவிட்டார்.

மற்றவர்கள் ரசீதைக் காட்டித் தங்கள் தேதியை மீட்டுக்கொண்டார்கள். நான் போய் நின்றேன்.

“அவங்ககிட்ட ரசீது இருக்குங்க மாமா. உங்ககிட்ட இல்லையே” என்றான் மைத்துனன், நிஜமான வருத்தத்தோடு.

“நீதானே மாப்ள வேணாம்னே?”

“அது நமக்குள்ள மாமா. அவங்க வெளி ஆளுங்க. அவங்ககிட்ட எப்படி மாத்திப் பேசறது?”

எங்களுக்குக் கிடைத்தது எடமலைப்பட்டி புதூரில் ஒரு மண்டபம். அதன் கழிவறையைப் பற்றி எழுதினால் உங்களுக்கு இன்று சாப்பாடு இறங்காது.

முகூர்த்த நாள். தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிவர வேண்டும். தாய்மாமனோ ஸ்ரீரங்கத்தில், லால்குடிக்காரர்களுக்கு ஸ்டோர் ரூம் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். ஐயர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் யாரையும் பார்க்காமல் இருமினார்கள்.

“மாமா வராம நான் மணையில உக்கார மாட்டேன்” என்றாள் மகள்.

போன் செய்தேன். “காவேரிப் பாலத்துல நிக்கிறேங்க மாமா. முன்னாடி பஸ் நகர மாட்டேங்குது.”

முகூர்த்தம் முடியும் தறுவாயில் வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் இன்னொருவர் வீட்டுக் கல்யாணச் சாம்பார் மணத்தது.

“ஏன்டா இவ்வளவு நேரம்?” என்றாள் என் மனைவி.

“கிளம்புற நேரத்துல கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோச்சுக்கா. அணைச்சுப் போட்டுட்டு ஓடி வர்றேன். இப்ப நல்லா இருக்கு. புதுசு மாதிரி ஓடுது.”

“அந்த இன்னொரு பென் டிரைவ்?” என்று கேட்டேன்.

“கார்லதாங்க மாமா இருக்கு. பத்திரமா இருக்கு.”

கெட்டிமேளத்துக்கு ஆட்கள் தயாரானார்கள். அந்தக் கையாலேயே அவன் மாலையை எடுத்தான். மகள் சிரித்துக்கொண்டே தலை குனிந்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.