ஒரே சுவரில் இரண்டு உத்திரம்

மலேசியாவில், குளுவாங்கில் என் கடைக்குள் நுழைந்து அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் எதை எடுக்க வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. அவ்வளவு நீளம். அகலத்தையோ ஆறே எட்டு வைத்துக் கடந்துவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து அக்கா வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னடி, ரயில் பெட்டியை வாடகைக்கு எடுத்திருக்கியா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். பதினோரு வருஷம் அடுத்தவர் கடையில் தோசை சுட்ட எனக்கு இது சொந்தக் கடை. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சித் திறப்பதாக எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கால் தரையில் பாவவில்லை.

ஊரில் எங்கள் வீட்டைச் சுற்றி ஓர் ஆள் நடக்கிற சந்து உண்டு. நாலு சுவரும் எங்களுடையவை. எந்தச் சுவரிலும் விளக்கு மாடம் குடையலாம், யாரைக் கேட்க வேண்டும்? அந்தப் பழக்கத்தில்தான் புதன்கிழமை உளியும் சுத்தியலுமாக ஸ்டூலில் ஏறினேன். கூரை தாழ்ந்த பின்கட்டில், உத்திரத்துக்கு அடியிலேயே இரண்டு செங்கல்லைப் பெயர்த்துவிட்டேன்.

பக்கத்துக் காப்பிக்கடைச் சீனர் ஓடிவந்தார். சுவரைத் தட்டித் தட்டி, "சாயா புன்யா!" என்று கத்தினார். என்னுடையது என்கிறார்! எனக்கு வந்ததே கோபம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் பார்வை மேலே உத்திரத்திலேயே இருந்தது.

வெள்ளையடிக்க வந்திருந்த கொத்தனார் குமார், குளுவாங்கிலேயே பிறந்தவர், சத்தம் கேட்டு வந்தார். "அலமாக்! இறங்குங்கக்கா. அவரு வீட்டு உத்திரமும் இந்தச் சுவருலதான் உக்காந்திருக்கு. இன்னும் ரெண்டு கல்ல எடுத்தா ரெண்டு கடையும் போயிரும் லா."

டார்ச் அடித்துப் பார்த்தேன். துளைக்குள் என் உத்திரத்தின் நுனி, அதை ஒட்டினாற்போல் அவர் உத்திரத்தின் நுனி!

"அதான் கடை இவ்ளோ ஒடுக்கமா?" என்று கூவினேன்.

"ஆமாக்கா. நடுவுல தூண் இல்லாம ஒரு மரம் எவ்ளோ தூரம் தாங்குமோ, அவ்ளோதான் அகலம். தெருப் பக்கம் எல்லாருக்கும் ஒரு கதவு வேணும்ல? இன்னும் இடம் வேணும்னா பின்னாடி போலாம்."

மரத்தின் நீளம்தான் வீட்டின் அகலம்! இத்தனை வருஷம் இந்தத் தெருவில் நடந்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று குதிக்கலாம்போல் இருந்தது. மறு நிமிடமே திறப்புவிழா போச்சு என்று உறைத்தது. "மாஃப், அங்கிள்," என்று கைகூப்பினேன். அவர் கீழே கிடந்த செங்கல்லைத் துடைத்துக் குமாரிடம் எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கடை திறந்தது. குமார் அடைத்துப் பூசிய அந்தச் சுவரோரம் முக்காலி போட்டு விளக்கை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சீனருடைய சாமி மேடை, ஊதுபத்தி வாசனை இங்கே வந்தது. முதல் தோசை அவருக்குத்தான். வீடியோவில் அக்கா கேட்டாள், "விளக்குக்குப் பின்னாடி சுவரு நல்லா இருக்கே. உன்னுதாடி?"

"பாதி என்னுதுக்கா," என்றேன். நாகப்பட்டினத்து வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாலும், மீதிப் பாதி அக்காவுடையது என்பதால், இப்போது அதையேதான் சொல்லியிருப்பேன்.