ஜீப்பின் இடப்பக்க சீட்டு

என் ஜீப்பில் எனக்கு இடப்பக்கம் இருக்கும் சீட்டின் ரெக்சின் கிழிந்து வெகுநாளாகிறது. தைக்கக் கொடுக்க மனம் வரவில்லை. அதில் ஒரே ஒருமுறை உட்கார்ந்தவரை நினைத்துக்கொண்டுதான் தினமும் வண்டியைக் கிளப்புகிறேன்.

கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போவது என் பிழைப்பு. அவரும் கூலிக்கு ஏறுகிறவர்தான், சங்கத்துக்காரர். எங்களுக்குத் தோழர், மேலே மலையாளத்துக்காரர்களுக்குச் சகாவு. முன்சீட்டை வயிற்றுப்பிள்ளைக்காரிக்கோ முழங்கால் வலிக்காரிக்கோ விட்டுவிட்டுப் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குவார். "இடதுசாரிங்கிறாக, இடப்பக்கம் உக்கார மாட்டேங்கிறீகளே?" என்று சீண்டுவேன். சிரிப்பார். பிரான்சு தேசத்தில் சபை கூடியபோது, ராசாவின் அதிகாரத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்தார்களாம். அப்படி ஒட்டிக்கொண்ட பெயராம். "அது உக்காந்த எடத்தால வந்த பேருப்பா. தோழர்னாலும் சகாவுன்னாலும் ஒண்ணுதேன், கூட நிக்கிறவன். நமக்கு அது போதும்" என்பார்.

பிறகு இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அணைத் தகராறு வந்தது. மலைப்பாதையை மறித்துவிட்டார்கள். கூலிக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்கள் மேலே தோட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். தோழர் பதறவில்லை. வேலைநிறுத்தத்தில் அவரோடு ஒரே சட்டிக் கஞ்சி குடித்த சகாவு ஒருவர் மேலே இருந்தார். "அவரு ஒரு வார்த்தை சொன்னா வழி விட்ருவாக" என்று என்னையும் கூட்டிக்கொண்டு எல்லைக்குப் போனார். அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் அந்த மனுஷன் முன்னாலேயே நின்றார். தோழர் கையை உயர்த்தி, "சகாவே!" என்று கூப்பிட்டார். அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "ஏலே, இவன் மலையாளத்தான் ஆளுடா!" என்று தோழரின் சட்டையைப் பிடித்தான். அவன் அம்மாவுக்கு நின்றுபோன கூலியைப் போராடி வாங்கிக் கொடுத்தவரே தோழர்தான்.

அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். கம்பம் வரும்வரை ரெக்சினை விரலால் நிமிண்டிக்கொண்டே வந்தார். அந்தக் கிழிசல் அப்போது விழுந்தது. பெண்கள் காட்டுவழியே நடந்து இறங்கி வந்து சேர்ந்தார்கள்.

பாதை திறந்தது, ஜீப்புகள் ஏறின. அவர் ஏறவில்லை. அவர் இறந்த அன்று, மேலேயிருந்து யாராவது வருவார்கள் என்று அவர் மனைவி பொழுது சாயும்வரை பிணத்தை எடுக்க விடவில்லை. யாரும் வரவில்லை. சங்கக் கொடி போர்த்தக்கூட ஆளில்லை.

இன்று காலை அந்த சீட்டுக்கு இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். ஒருத்தி வயிற்றுப்பிள்ளைக்காரி. உட்கார்ந்துவிட்டவளை இறங்கச் சொன்னேன். "மொதல்ல ஏறுனது நாந்தேன்" என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.