டாக்டர் சொன்னதாக அவன் சொன்னது

கந்தசஷ்டி விரதத்தின் நடுவில் மொரோக்கோவுக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் நண்பனுக்கு வேலையிடத்தில் அந்தக் கிழமைதான் லீவு கிடைத்தது.

"சாப்பாட்டை என்னட்ட விடு மச்சான். சைவமெண்டு சொல்லிவைக்கிறன்," என்றான். பாரிஸில் கொஞ்சக் காலம் இருந்தவன், பிரெஞ்சு பேசுவான்; மொரோக்கோவில் அது போதும். நம்பினேன். மனைவிதான், "முருகன் மயிலோட நிக்கிறார், நீங்கள் ஒட்டகத்தோட நிண்டு விரதம் பிடியுங்கோ," என்று சிரித்தாள்.

அவனை நம்புவது எனக்குப் பழகிப்போன ஒன்று. ஜெர்மனியில் வுப்பர்டாலுக்கு நான் வந்த புதிதில் ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு முன்னமே வந்திருந்த அவன்தான் அரசாங்கக் கந்தோர், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்துக்கும் கூட வந்து மொழிபெயர்த்தான். என் மகன் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டர் நெடுநேரம் பேசினார். நான் நண்பனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "கடவுளைக் கும்பிடட்டாம் மச்சான். இனி அவற்ற கையிலதானாம்," என்றான். ஒரு ஜெர்மன் டாக்டரே அப்படிச் சொல்கிறாரென்றால்! அந்த இடத்திலேயே நேர்ந்தேன். பிள்ளை பிழைத்தால் உயிருள்ளவரை சஷ்டி பிடிப்பேன். பிழைத்தான். ஒரு வருஷமும் நான் தவறவிட்டதில்லை.

மணல்மேடுகளுக்கு நடுவில் எங்கள் கூடாரம் இருந்தது. பொழுதுபட்டதும் அவ்வளவு நேரம் சுட்ட மணல் சில்லிட்டுப்போனது. போத்தல் தண்ணீரில் முகம் கழுவித் திருநீறு பூசினேன். பாதியைக் காற்றுக் கொண்டுபோனது. சமையல்காரர் பெரிய மண்சட்டியில் கோதுமைக் குறுணலும் அதன்மேல் கரட், பூசணி, கடலையுமாகக் கொண்டுவந்து வைத்தார்.

"சைவம்தானே?"

"ஓம் ஓம், சாப்பிடு."

பகல் முழுக்கக் காய்ந்த வயிறு. ஆசையாகச் சாப்பிட்டேன்.

பிறகு நெருப்பருகே குளிர்காய்ந்தபோது சமையல்காரர் வந்து பக்கத்தில் இருந்தார். எங்களுக்குப் பக்கத்து நகரமான டுசெல்டோர்ஃபில் உணவகமொன்றில் வேலை செய்தவராம். நல்ல ஜெர்மன் பேசினார். இப்போது எனக்கும் ஜெர்மன் நன்றாக விளங்கும். உங்கள் கை நல்ல கை என்றேன். ஆட்டெலும்பைக் காலையிலேயே அவியப் போட்டுவிடுவேன், அந்தச் சாற்றின் ருசிதான் என்றார் சந்தோஷமாக. நான் மச்ச மாமிசம் தொடாத விரதத்தில் இருக்கிறேன், உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். மனுஷன் பதறிப்போனார். உங்கள் நண்பரைக் கேட்டேனே, எல்லாம் சாப்பிடுவோம் என்றாரே, சொல்லியிருந்தால் தனியாகச் சமைத்திருப்பேனே என்றார்.

நான் நண்பனைப் பார்த்தேன்.

"தனிச்சட்டி வைக்கச் சொன்னால் அதுக்கொரு கரைச்சல் மச்சான். இறைச்சித் துண்டு ஒண்டும் இல்லைத்தானே, வெறும் தண்ணி. வடிவாத்தானே சாப்பிட்டனி?"

எழும்பிப்போய் மேட்டுக்குப் பின்னால் வாய் கொப்பளித்தேன். சாற்றின் ருசி போகவில்லை. அங்கே நிற்கும்போதுதான் அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கேட்டேன்.

"என்ர பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நேரம் டாக்டர் உண்மையா என்ன சொன்னவர்?"

"எந்த டாக்டர்?"

"கடவுளைக் கும்பிடச் சொன்ன டாக்டர்."

அவன் சிரித்தான். "டேய், எந்த டாக்டரடா அப்பிடிச் சொல்லுவான்? அந்தாள் மருந்து, ரத்தமெண்டு நீட்டி முழக்கினது. எனக்கே அரைவாசி விளங்கேல்லை. நீ என்ர வாயைப் பாத்துக்கொண்டு நிண்டனி. என்னத்தையாவது சொல்லத்தானே வேணும்."

படுத்த உடனே அவன் குறட்டை விட்டான். நான் வெளியே மணலில் இருந்தேன். வானம் முழுக்க வெள்ளிகள். அவற்றைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். அந்த டாக்டர் கதையை மகனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கோயிலில் எத்தனை பேருக்கு! அந்த டாக்டர் என்ன சொன்னாரென்று இனி எனக்குச் சொல்ல ஆளில்லை.

விடிந்ததும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டேன். முருகா, தெரியாமல் தின்றது என்று சொல்லிவிட்டு விரதத்தைத் தொடர்ந்தேன். முருகன் பிள்ளையைத் தந்தவன், அவனோடு எனக்குக் கணக்கில்லை.

வீட்டுக்கு வந்தபின் நண்பன் போன் எடுத்தான். "கண் டாக்டரிட்ட டெர்மின் இருக்கெண்டனி, காட்டப் போகேக்க நான் வரட்டோ?"

"வேண்டாம். எனக்கு ஜெர்மன் விளங்கும்."

"தெரியும் மச்சான். சும்மா துணைக்கு."

"வேண்டாம்," என்றேன்.