மூண்டு மஞ்சள் பல்ப்

கொழும்பு வெள்ளவத்தையில லைற் பூட்டிப் பிழைக்கிற எனக்கு இப்ப வாற வேலையில பாதி, வெள்ளை பல்பைக் கழட்டி மஞ்சள் பல்ப் போடுறதுதான். ஏணியில நிண்டு கழுத்து நொந்த என்ர சகபாடிகளுக்கு இது புதுசில்லை.

ஒயில் பேப்பர்

ஒரு ரீச்சரம்மா எனக்கு முதலே தானாய் வேலையைத் தொடங்கியிருந்தா. வெசாக் பெருநாள் விளக்குக் கூட்டுக்கு வாங்கி மிஞ்சின மஞ்சள் ஒயில் பேப்பரை ஹோல் பல்பைச் சுத்தி ஒட்டினதில, பல்ப் சூடேறி ரெண்டு நாளில செத்துப்போச்சு. கடையில மஞ்சளாவே விக்கினமே, ஏன் இந்தப் பாடு எண்டு கேட்டன். "நாளைக்குக் கனடா மச்சாள் வாறா, தம்பி. வெள்ளை லைற்றில எங்கட சுவர் ஊறின இடமெல்லாம் தெரியும்."

பிள்ளையின்ர அறை

கொட்டாஞ்சேனையில ஒரு துறைமுகக் கிளாக். கலியாணம் கட்டி எட்டு வருசத்துக்குப் பிறகு முதல் பிள்ளை. தாயும் பிள்ளையும் அடுத்த நாள் ஆஸ்பத்திரியால வருகினம். அதுக்குள்ள அறை மஞ்சள் வெளிச்சமாக வேணும். ஒரு பல்ப் போதும் எண்டவரை நான்தான் கதைச்சுக் கதைச்சு மூண்டுக்குக் கொண்டுவந்தனான். யன்னலுக்குத் தடிச்ச சீலையும் போட்டாச்சு. சுவிச்சைத் தட்டிப் பாத்திட்டுச் சொன்னார்: "அண்ணே, இனி என் மனுசி இந்த அறையை விட்டு வெளிய வரமாட்டா."

மிட்வைஃப் வந்த நாள்

நாலாம் நாள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாத்தா. தாயைப் பாத்தா, சுவரைப் பாத்தா. எல்லாம் ஒரே நிறம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் யன்னல் சீலையை விலக்கினா. பகல் வெளிச்சத்தில பிள்ளை வயிறு வரைக்கும் மஞ்சள். செங்கமாரி, மஞ்சள் காமாலை. அந்த அறையில ஒருத்தருக்கும் தெரியேல்லை. அப்பவே ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினவை.

கிளாக்தான் இதைப் போன்ல சொன்னார். மூண்டு பல்ப் எண்டது என்ர வாய்தானே. ஒரு கிழமை போச்சு. பிள்ளைக்குச் சுகமாகி, நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுகினம் எண்டு கூப்பிட்டார். ஏச்சு வாங்குற எண்ணத்தோடதான் போனனான். மனுசன் ஏசேல்லை, ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். "வெள்ளையாப் போடுங்க அண்ணே. எங்கட பிள்ளை என்ன நிறம்னு எங்களுக்கே இன்னும் தெரியாது."

இப்ப மஞ்சள் கேட்டு வாறவையிட்ட, வீட்டில புதுசாப் பிறந்த பிள்ளை இருக்கோ எண்டு முதல்ல விசாரிக்கிறன். கனபேர் என்னை யாவாரம் தெரியாதவன் எண்டு நினைச்சு அடுத்த கடைக்குப் போகினம்.