கதவைத் தட்டுகிறவர்

ஹாலிஸ் ட்ரூயிட்டை முதன்முதலில் பார்த்த அன்றைக்கே அவரிடம் திட்டு வாங்கினேன். ஜார்ஜ்டவுனுக்கு மேற்கே சோளக்காட்டு நடுவில் அவருக்கு இரண்டு கோழிக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் கறிக்கோழி. கோழிகள் இருமுவதாகக் கால்நடை நோய் ஆய்வகத்துக்குத் தகவல் வந்து, புதிதாகச் சேர்ந்திருந்த கால்நடை மருத்துவர் நான் போனேன். நாமக்கல்காரிக்குக் கோழியைப் பற்றி யார் என்ன சொல்லித்தர முடியும் என்ற மிதப்பு எனக்கு. கொட்டகைக் கதவை ஒரே இழுப்பாக இழுத்து உள்ளே நுழைந்தேன்.

அத்தனை கோழியும் அலறியடித்துக்கொண்டு எதிர் மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. பின்னால் வந்த ஹாலிஸ் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். மண்டிபோட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அந்தக் குவியலைப் பிரித்துவிட்டார். அடியில் பதினோரு கோழி மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தது.

"டாக்டர், உங்க ஊர்ல கதவைத் தட்டுற பழக்கம் கிடையாதா?" என்றார்.

கோழிக்குமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உள்ள குடியிருக்கிறது அதுங்க. வெளியிலேர்ந்து வர்றது நாம. அப்ப யாரு தட்டணும்?"

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தாய்க்கோழிக்கு அது சரி. வருகிறவன் தட்டாமல் நுழைந்தால் கோழி மிதித்துக் கோழியே சாகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மூன்று முறை மெதுவாகத் தட்ட வேண்டும்; அவை தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் கொடுக்க வேண்டும்; பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும். அவருடைய முழு அரசியலும் இதுதான் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

விடிவதற்கு முன் கோழிகளைப் பார்த்துவிட்டு, குளித்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அவர் மாவட்ட உயில் பதிவாளர் அலுவலகத்துக்குப் போவார். இறந்தவர்களின் உயில் எல்லாம் அங்கேதான் வரும். அதுவும் இங்கே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவி. ஐந்து முறை ஜெயித்து, இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்டாட்டியையோ புருஷனையோ புதைத்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். மேசையின் இடது கீழ் இழுப்பறையில் இஸ்திரி போட்ட கைக்குட்டைகள் அடுக்கியிருக்கும், ஓரத்தில் நீலத் தையலோடு. திங்கட்கிழமைதோறும் அவற்றுக்கு இஸ்திரி போடுவது அவர் மனைவி ஐவாவின் வேலை. வந்தவர் உட்கார்ந்து, அழுது, மூக்கைச் சிந்தி, தானாகப் பேனா கேட்கிறவரை ஹாலிஸ் பெயர்கூடக் கேட்கமாட்டார்.

ஆள் பழமைவாதி. சாதாரணப் பழமைவாதி இல்லை, முற்றின பழமைவாதி. புது வரி, புது ரோடு, தேவாலயத்தில் புதுப் பாட்டுப் புத்தகம் எதுவும் ஆகாது. ஓட்டுப் போடும் வயது வந்த நாளிலிருந்து ஒரே கட்சி. நான் நேர் எதிர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐவா சமைத்த கோழிக் குழம்பையும் அதில் மிதக்கும் மாவுத் துண்டுகளையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அவரோடு சண்டை போடுவேன். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் தொலைக்காட்சியில் விவாதம் செய்யும்போது, ஹாலிஸ் கேட்பது ஒரே கேள்வி: இந்த ஆள் தட்டுவானா?

ஒருமுறை அவர் கட்சியைச் சேர்ந்த வேட்பாளர் ஒருவர், விதவை ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது, புகைப்படக்காரரோடு ஹாலிஸின் அறைக்குள் வந்து கைநீட்டினார். ஹாலிஸ் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. போடவில்லை என்பதை அவரிடமே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். கொள்கைதானே முக்கியம், குணத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"கொள்கையை நாலு வருஷத்துல மாத்திடலாம், டாக்டர். தட்டாம நுழையறவனை மாத்த முடியாது."

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவருக்கே ஒரு வருஷம் சோதனை வந்தது. அவர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் எழுத்தராக இருந்தவள் நோரீன். உயிலைப் படிப்பது முதல் கிழவிகளைத் தேற்றுவது வரை அவர் கற்றுக்கொடுத்ததுதான். அவள் எதிர்க்கட்சியின் சார்பில் அவருக்கு எதிராகவே நின்றாள். அதை அவரிடம் சொல்லவில்லை. காலையில் கடைத்தெரு உணவகத்தில், வறுத்த ஸ்க்ராப்பிள் என்கிற பன்றிக்கறித் துண்டும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகையைப் பிரித்தவர், அதில்தான் படித்தார். தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார் என்று பரிமாறுகிற பெண் என்னிடம் சொன்னாள்.

மேடைகளில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. வீட்டில் என்னிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார்: "தட்டாம வந்துட்டா." ஐவாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. பதினோரு கிறிஸ்துமஸுக்குக் கேக் சுட்டுக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லிப் பொருமினாள்.

நவம்பர் செவ்வாய்க்கிழமை தேர்தல். ஹாலிஸ் அறுநூறு ஓட்டில் தோற்றார். அவர் ஓட்டுப் போட்ட குடியரசுத் தலைவரும் அன்றைக்கே தோற்றார். பட்ட காலிலே படும் என்பது இதுதான். மறுநாள் காலையில் நான் போனபோது கொட்டகையில் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தோற்ற தலைவர் ஜெயித்தவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார் என்று வானொலியில் சொன்னார்களாம். நம்ம ஆள் தட்டினார் பாருங்க என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எங்கள் மாவட்டத்தில் செவ்வாய்க்கிழமை தேர்தல் என்றால் வியாழக்கிழமை திருவிழா. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஏறி நீதிமன்றத்து வட்டத்தைச் சுற்றிவர வேண்டும். மேல்மாடத்தில் நின்று ஒருவர் முடிவுகளைப் படிப்பார். இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே கைக்கோடரியைச் சேர்ந்து பிடித்து, சண்டை முடிந்தது என்பதற்கு அடையாளமாக மணலில் புதைப்பார்கள். ஊரே மாட்டிறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும். இருபது வருஷமாக ஹாலிஸ் அந்த வண்டியில் ஜெயித்தவராகத்தான் உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை மத்தியானமே தீவனக்கடை க்ளீவ் வந்துவிட்டான். கட்சியில் அவன் சொல்வதற்கு மதிப்பு உண்டு.

"ஹாலிஸ், நாளைக்கு நீ போகாத. அங்க நம்ம தலைவர் தோத்தாரு, இங்க நீ தோத்த. சாவு வீட்ல என்ன ஊர்வலம்?"

ஹாலிஸ் தீவன வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டார். போவாரா மாட்டாரா என்று எனக்கும் தெரியவில்லை, ஐவாவுக்கும் தெரியவில்லை. தோற்றது மட்டும் என்றால் அவர் போய்விடுவார். பத்திரிகையில் படித்த அந்தக் காலை நேரம்தான் அவருக்கு இன்னும் தொண்டையில் நின்றது. போகாமல் விட்டால் இருபது வருஷமாகச் சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று ஆகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. நான்தான் காரில் அவரையும் ஐவாவையும் கூட்டிப்போனேன். வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், அவருடைய வண்டிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நோரீனுக்குக் காய்ச்சல், வரமாட்டாள் என்று அவள் புருஷன் சொல்லி அனுப்பியிருந்தான்.

க்ளீவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அவளே குழியில விழுந்துட்டா பாரு. ஜெயிச்சும் மூஞ்சியக் காட்டலன்னு நாலு வருஷமும் சொல்லுவோம். நீ தனியா ஏறிச் சுத்திட்டு வா, போதும்."

அவன் சொன்னதில் கணக்குப் பிசகு இல்லை. ஹாலிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தனியாக ஏறினாலே போதும். அவர் பெரிய மனிதர், அவள் கோழை என்று அந்த மத்தியானத்தோடு முடிந்திருக்கும். அவர் வண்டியின் காலியான இருக்கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர், காரை எடுங்க," என்றார்.

நோரீன் வீடு இரண்டு தெரு தள்ளி. ஹாலிஸ் மூன்று முறை மெதுவாகத் தட்டினார். பதில் இல்லை. காத்திருந்தார். மறுபடியும் மூன்று முறை. கதவைத் திறந்தவள் நல்ல உடுப்பு உடுத்தித் தயாராகத்தான் இருந்தாள். கண்கள் மட்டும் வீங்கியிருந்தன.

"காய்ச்சல்னு சொன்னாங்க," என்றார் ஹாலிஸ்.

"காய்ச்சல் இல்ல, மிஸ்டர் ஹாலிஸ். உங்க எதிர்ல எப்படி உக்காருவேன்? மனு போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு மூணு நாள் உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். கையைக்கூடத் தூக்கினேன். தட்ட முடியல."

ஐந்து மாதமாக மனதில் வளர்த்த கோபத்தைக் கீழே வைப்பதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள உக்காந்திருந்தது நாந்தானே," என்றார் கடைசியில். "பதினோரு வருஷம் கூட இருந்த பொண்ணு தட்டறதுக்கே பயப்படற மாதிரி உக்காந்திருந்திருக்கேன். வர்றவங்க தட்டணும்னு ஊர் பூரா சொன்னேன். உள்ள இருக்கறவனுக்கும் ஒரு வேலை உண்டுன்னு எனக்குத் தோணல."

அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள். அவர் தன் சட்டைப்பையிலிருந்து நீல ஓரக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"நான் தோத்ததை ஊர் பாத்தாச்சு. நீ ஜெயிச்சதையும் பாக்கட்டும். மேல்கோட்டைப் போட்டுக்க, வெளிய குளிருது."

நீதிமன்றத்துப் படியில் ஐவாவும் நானும் ஆளுக்கொரு மாட்டிறைச்சி ரொட்டியோடு நின்றோம். தின்ன முடியவில்லை. வண்டி திரும்பும் இடத்தில் க்ளீவின் ஆட்கள் நாலைந்து பேர் நோரீனைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி, அவள் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டார், ஊருக்கு அறிமுகம் செய்து வைப்பவரைப் போல. நவம்பர் காற்றில் அந்த வழுக்கைத் தலை சிவந்துபோக, வட்டம் முழுவதும் கையை இறக்கவில்லை. ஊளை நின்றுவிட்டது. ஐவா என் முழங்கையைக் கிள்ளி, இந்த மனுஷனுக்கு நாளைக்குச் சளி பிடிக்கப் போகுது பாருங்க என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

வழியெல்லாம் அவர் அவளிடம் எதையோ பேசிக்கொண்டே வந்தார். என்ன என்று பிறகு கேட்டேன். இடது கீழ் இழுப்பறையைப் பற்றியாம். பெயர் கேட்கும் முன் உட்காரச் சொல் என்பதைப் பற்றியாம்.

ஜனவரியில் அறையைத் தானே பெருக்கிச் சாவியைக் கொடுத்தார். அதே மாதம் பழைய குடியரசுத் தலைவரும் புதியவரும் ஒரே காரில் பதவியேற்புக்குப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நம்ம வண்டிதான், கூரை போட்டிருக்காங்க என்றார். தான் ஓட்டுப் போடாத அந்தப் புது மனிதருக்காக ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி ஜெபம் செய்தார். க்ளீவ் இருமினான். ஏதோ ஒரு தாள் வாங்கப் பழைய அலுவலகத்துக்குப் போனபோது, இருபது வருஷம் தான் உட்கார்ந்திருந்த அறையின் கதவை ஹாலிஸ் மூன்று முறை தட்டினார்.

கைக்குட்டைகள் மட்டும் நிற்கவில்லை. திங்கட்கிழமையானால் நோரீன் துணிமூட்டையோடு வந்துவிடுவாள். தோத்தது இவரு, இஸ்திரி போடறது நானா என்று ஐவா முனகுவாள். முனகிக்கொண்டே ஒன்பது வருஷம் போட்டாள். கிறிஸ்துமஸ் கேக்கும் இரண்டாவது வருஷத்திலிருந்து மறுபடி நோரீன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது.

பத்தாவது வருஷம் மார்ச்சில், ஒரு சனிக்கிழமை, ஹாலிஸ் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, இந்த வாரம் வேண்டாம் என்று நோரீன் சொல்லியும் கேட்காமல், ஐவா துணிமூட்டையை வாங்கி இஸ்திரி போட்டாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

புதன்கிழமை உயிலை எடுத்துக்கொண்டு நான் அவளைக் கூட்டிப்போனேன். பதிவாளர் அறைக்கதவு திறந்தே இருந்தது. இருந்தும் ஐவா நிலைச்சட்டத்தில் மூன்று முறை தட்டினாள். நோரீன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். தாளைக் கேட்கவில்லை, தேதியைக் கேட்கவில்லை. இடது கீழ் இழுப்பறையை இழுத்து, மேலே இருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

ஐவா அதை வாங்கி, பிரித்து, நீல ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"முந்தாநாள் நான் மடிச்சது," என்று சொல்லிவிட்டு, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் பேனா கேட்கிறவரை நோரீன் பேசாமல் காத்திருந்தாள்.