ஒயர்லெஸ் பங்களாவில் பாடியவர்கள்

மோகனூருக்கு வடக்கே, எங்கள் சோளக்காட்டைத் தாண்டிய கரட்டுக் குன்றின்மேல், உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் கட்டிய கட்டடம் ஒன்று இருந்தது. கம்பியில்லாமல் சேதி வாங்கவும் அனுப்பவும் கட்டியதாம்; ஒயர்லெஸ் பங்களா என்றுதான் ஊரில் சொல்வார்கள். சண்டை முடிந்ததும் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னலே இல்லாமல் ஒற்றை இரும்புக் கதவு போட்ட கூடமும், கூரைமேல் ஓர் இரும்புக் கம்பமும்தான் மிச்சம். காற்றடித்தால் கம்பம் முனகும். உள்ளே நின்று பேசினால், நம் பேச்சை வேறு யாரோ வாங்கி, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்வது போலிருக்கும். செத்த சிப்பாய்கள் அங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

அங்கே பாட்டு வைக்கும் யோசனை என் தாய்மாமனுக்குத்தான் வந்தது. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களைப் பக்கத்தில் ஒரு காலனியில் குடிவைத்திருந்தார்கள். ஊர் அவர்களோடு பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. கோயிலில் பாடக் கூப்பிட்டால் வழக்கு வரும். பட்டாளத்துக் கட்டடத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது மாமனின் கணக்கு. எங்கள் பெண்கள் கும்மி பாடுவது, அவர்கள் தோட்டத்துப் பாட்டுப் பாடுவது என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பெண்கள் உள்ளே போய்த் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் கூடம் பாடியது. நான் அம்மாவோடு ஒட்டிக்கொண்டேன். காலனிக்காரர்கள் வந்தார்கள், ஆனால் வாசலோடு நின்றுவிட்டார்கள். என் வயதுச் சிறுமி ஒருத்தி எனக்குப் பின்னால் எதையோ வெறித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து திறந்துகிடந்த இரும்புக் கதவைத் தவிர ஒன்றுமில்லை.

"ஏனுங்க நின்னுட்டீங்க? உள்ள வாங்க" என்றார் மாமன்.

அவர்களில் மூத்த அம்மாள் மெல்லக் கேட்டாள்: "நாங்க வந்தப்புறம் கதவச் சாத்துவீங்களா ஐயா?"

மாமன் கடப்பாரை கொண்டுவரச் சொல்லி, ஆட்களோடு சேர்ந்து கதவைக் கீலோடு பெயர்த்து வெளியே வெயிலில் போட்டார். "இனிச் சாத்தறதுக்கு ஒன்னுமில்லீங்கம்மா."

அதன் பிறகுதான் உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து கொழுந்து பறிக்கும் பாட்டைப் பாடினாள். சுவர்கள் திருப்பிச் சொன்னபோது செத்தவர்களும் கூடப் பாடுவதாகவே நினைத்து முகத்தை மூடிக்கொண்டேன். முடிந்ததும் எங்கள் அம்மா, "இன்னொருக்கா பாடுங்க" என்று கேட்டாள்.

வெளியே வந்து அந்தச் சிறுமியிடம் ரகசியமாகக் கேட்டேன்: "எனக்குப் பின்னாடி பேயத்தானே பாத்தே?"

"பேயில்ல, கதவு" என்றாள். "சிலோன்ல எங்கள இப்பிடித்தான் ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க. வெளிய தீ எரிஞ்சுச்சு."

பேயில்லை என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தீ வைத்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரட்டை விட்டு இறங்கி ஓடினேன்.